குதிரைப் படப் புத்தகம் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், ஒரு பழம்பொருள் கடையில், சட்டம் போட்டுத் தொங்கிய குதிரைப் படம் ஒன்றை இறக்கித் தரச் சொல்லிப் பார்த்தேன். செம்பழுப்புக் குதிரை வேலி தாண்டுகிறது. மேலே சிவப்புக் கோட்டு போட்ட ஒருவர். நல்ல படம். வெளிச்சத்துக்குச் சாய்த்தபோதுதான் வலது மேல் மூலையில் பொடி எழுத்தில் ஓர் எண் தெரிந்தது. இடது ஓரத்தில் ஒரே நேர்க்கோட்டில் ஊசித் துளைகள். தையலைப் பிரித்த தடம். யாரோ ஒரு புத்தகத்தைக் கலைத்து, படங்களை மட்டும் உருவிக்கொண்டு, மிச்சத்தை எடைக்குப் போட்டிருக்கிறார்கள்.

செட்டிநாட்டில் இதை விளக்க அதிகம் பேச வேண்டாம். ஒரு வீட்டைப் பிரித்தால் தூண் ஒரு ஊருக்கும் நிலைக்கதவு ஒரு ஊருக்கும் போகும். அந்தத் தூண் எந்த வளவில் நின்றது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. படப் புத்தகங்களுக்கும் இதுதான் நடக்கிறது. முழுப் புத்தகமாக விற்பதைவிட, படங்களைத் தனித்தனியாகச் சட்டம் போட்டு விற்றால் காசு கூட வரும். உலகம் முழுவதும் இந்த வியாபாரம் உண்டு. குதிரைப் புத்தகங்கள் இதில் நிறையவே அடிபட்டிருக்கின்றன. சுவரில் மாட்டக் குதிரையைவிட அழகான பொருள் எது?

ஆகவே இதை முழுப் புத்தகம் சேர்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். சுவருக்குப் படம் தேடுபவர்களுக்கு இது பயன்படாது.

முதலில் கண், அப்புறம் காசு

முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். பாருங்கள். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் பழைய குதிரைப் புத்தகங்கள் முழுசாக, இலவசமாக இருக்கின்றன. நாலு பெயரை மட்டும் தேடிப் பாருங்கள்.

புளூவினல் என்ற குதிரையேற்ற ஆசான், இளவயது பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதாக அமைந்த புத்தகம் 1623-ல் வந்தது. அதன் செப்புத்தகட்டுப் படங்களைச் செய்தவர் கிறிஸ்பைன் டி பாஸ். குதிரை, சேணம், உடை, சுற்றி நிற்கும் அரசவையினர் என்று ஒவ்வொரு படமும் ஒரு நாடக மேடை மாதிரி இருக்கும். அடுத்தது இங்கிலாந்தின் நியூகாசில் பிரபு 1658-ல் ஆன்ட்வெர்ப்பில் வெளியிட்டது. படங்களுக்கு மூலம் வரைந்தவர் டீபன்பேக். மூன்றாவது லா கெரினியேர் என்ற பிரெஞ்சுக் குதிரையேற்ற ஆசானின் 1733 புத்தகம். அதற்கு வரைந்தவர் சார்ல் பாரோசெல்.

நாலாவதுதான் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது. ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஆங்கில ஓவியர் ஹார்க்ஸ்டோ என்ற கிராமத்துப் பண்ணை வீட்டில் பதினெட்டு மாதம் தங்கி, இறந்த குதிரைகளைத் தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காக அறுத்து வரைந்தார். லண்டனில் தகடு செதுக்குபவர்கள் அந்த வேலையை ஏற்க மறுத்துவிட்டார்கள். பிறகு எல்லாத் தகடுகளையும் அவரே செதுக்கினார். 1766-ல்தான் புத்தகம் வந்தது. அந்த எலும்புக்கூட்டுக் குதிரை நடந்து வருகிற படத்தை ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார்.

திரையில் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். நம் பக்கத்திலேயே ஆவுடையார்கோயில் இருக்கிறது. மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பாண்டியன் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்த இடம், நரி பரியான கதையின் ஊர். அங்கே கல்லில் இருக்கும் குதிரைகளின் கடிவாளத்தையும் அங்கவடியையும் நிதானமாகப் பாருங்கள். புரவி எடுப்புக்கு வேளார் செய்த மண் குதிரைகள் அய்யனார் கோயில்களில் வரிசையாக நிற்பதையும் பாருங்கள். கழுத்து எந்த இடத்தில் வளைகிறது, காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனிக்கப் பழகிய கண், அச்சுப் படத்தில் நல்ல கோட்டையும் சோம்பல் கோட்டையும் தானே பிரித்துவிடும்.

எந்தப் பக்கம் போவது

எல்லாவற்றையும் சேர்க்க நினைப்பவர் ஒன்றையும் சேர்க்க மாட்டார். ஒரு வகையைத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன குதிரையேற்றப் பாட நூல்கள் ஒரு வகை. அவற்றின் முதல் பதிப்புகள் பெரும் பணக்காரர்களும் நூலகங்களும் போட்டி போடும் இடம். ஹென்றி ஆல்கென் போன்றவர்கள் வரைந்த, கையால் வண்ணம் தீட்டிய வேட்டை, பந்தயப் புத்தகங்கள் இன்னொரு வகை. இவை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்தவை.

புதியவர்களுக்கு நான் சொல்வது 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. ஆன்னா சூவல் 1877-ல் எழுதிய 'பிளாக் பியூட்டி' கதைக்கு லூசி கெம்ப்-வெல்ச் வரைந்த 1915 பதிப்பு, லயனல் எட்வர்ட்ஸ், செசில் ஆல்டின் ஆகியோர் வரைந்த புத்தகங்கள் எல்லாம் இன்னும் தேடினால் கிடைப்பவை. தப்பு செய்தாலும் வீடு மூழ்காது. ஸ்டப்ஸ் வேண்டுமென்றால் டோவர் நிறுவனம் 1976-ல் போட்ட மறுபதிப்பு இருக்கிறது; அதை வாங்கி மேசையில் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். மறுபதிப்பு வாங்குவதில் குறைவு எதுவும் இல்லை.

நம் நாட்டுப் பக்கம் வர விரும்பினால் தஞ்சை சரசுவதி மகால் இருக்கிறது. நகுலன் இயற்றியதாகச் சொல்லப்படும் அசுவசாஸ்திரத்தை 1952-ல் படங்களோடு அச்சிட்டது அந்த நூலகம். விராடன் அரண்மனையில் குதிரை லாயத்தைக் கவனித்த அதே நகுலன் பெயரில்தான். குதிரையின் சுழி, நிறம், இலட்சணம் என்று நம் மரபு குதிரையைப் பார்த்த விதம் ஐரோப்பியப் புத்தகங்களிலிருந்து முற்றிலும் வேறு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது ஒரு தனி சுகம்.

பையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. நகைக்கடையில் கல் பார்ப்பவர் கண்ணில் வைப்பாரே, அதுதான். சின்ன டார்ச், அளவு நாடா, 2பி பென்சில், ஒரு நோட்டு. பேனாவைப் பழைய புத்தகத்தின் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது.

அச்சைப் படிக்கப் பழகுதல்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். முதல் பாடம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. முகப்பில் பழைய ரவிவர்மா படம் இருந்தால் லென்ஸ் வைத்து லட்சுமியின் கன்னத்தைப் பாருங்கள். 1894-ல் தொடங்கிய அந்த அச்சகம், கல்லில் வரைந்து ஒரு வண்ணத்துக்கு ஒரு கல் என்று அச்சடித்தது. புள்ளிகள் கையால் வைத்தவை, ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். அப்புறம் இந்த வருடத்துச் சிவகாசி காலண்டரைப் பாருங்கள். புள்ளிகள் கோலம் போட்ட மாதிரி அளவெடுத்து வரிசையாக நிற்கும். இந்த வித்தியாசம் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பாதிக் கல்வி முடிந்தது. 1820-ஐச் சேர்ந்தது என்று ஒருவர் நீட்டும் படத்தில் காலண்டர் புள்ளி தெரிந்தால், அது பிற்காலப் பிரதி. ஒழுங்கான புள்ளியில் படம் அச்சிடும் ஹாஃப்டோன் முறை புழக்கத்துக்கு வந்தது 1880-களுக்கு அப்புறம்தான்.

செப்புத்தகட்டுப் படம் வேறு மாதிரி. தகட்டைத் தாளோடு வைத்துப் பெரும் அழுத்தத்தில் உருட்டுவார்கள். அதனால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு ஒரு பள்ளமாகத் தாளில் பதிந்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் அந்தச் சதுரம் நிழலாகத் தெரியும், விரலுக்கும் தட்டுப்படும். தெரியவில்லை என்றால் ஓரத்தை வெட்டியிருக்கலாம், அல்லது அது செப்புத்தகட்டு வேலையே இல்லாமல் இருக்கலாம். பள்ளம் இருப்பதை மட்டும் நம்பியும் விடாதீர்கள். பிரதி எடுப்பவர்கள் பொய்ப் பள்ளமும் பதிப்பார்கள். லென்ஸ் சொல்வதையும் கேளுங்கள்.

ஆல்கென் காலத்துப் படங்களில் பெரும்பாலும் அக்வாடின்ட் என்ற முறை. வானமும் புல்வெளியும் மணல் தூவியது போல மெல்லிய குறுணையாக இருக்கும். அதற்கு மேல் நீர்வண்ணத்தைக் கையால் தீட்டியிருப்பார்கள். சிவப்புக் கோட்டின் வண்ணம் ஓரத்தைத் தாண்டி ஒரு மயிரிழை வழிந்திருக்கும், மடிப்புகளில் தேங்கியிருக்கும். அந்த வழிதல்தான் ஒரு மனிதக் கை அங்கே இருந்ததன் சாட்சி.

இன்னொன்று தாளின் நீர்க்குறி. பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பல ஆங்கிலத் தாள்களில் வாட்மன் போன்ற தாள் செய்தவரின் பெயரும் ஆண்டும் உள்ளேயே தெரியும். முகப்புப் பக்கம் 1821 என்று சொல்லி, படம் அச்சான தாள் 1832 என்று சொன்னால், அந்தப் படம் எப்போது அச்சானது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நன்றாக விற்ற வண்ணப் புத்தகங்களைப் பழைய தேதியோடு திரும்பத் திரும்ப அச்சிட்டிருக்கிறார்கள்.

படத்துக்குள் இருக்கும் குதிரையும் காலம் சொல்லும். 1878-ல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கலிஃபோர்னியாவில் வரிசையாகக் கேமராக்களை வைத்து, ஓடும் குதிரையை அடி அடியாகப் படம் பிடித்தார். அதுவரை ஓவியர்கள் பாய்ச்சல் என்றால் முன்கால்களை முன்னேயும் பின்கால்களைப் பின்னேயும் நீட்டி, அம்பு போலப் பறக்கிற குதிரையைத்தான் வரைந்தார்கள். நாலு காலும் தரையை விட்டு எழும் கணம் உண்மையிலேயே உண்டு. ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கு அடியில் கூடியிருக்கும் என்று அந்தப் படங்கள் காட்டின. அதற்குப் பிறகு வரைந்த பலரும் காலை மாற்றி வரையத் தொடங்கினார்கள். பறக்கும் குதிரை தப்பான குதிரைதான். ஆனாலும் எனக்கு அதுதான் பிடிக்கும். வேகம் மனதில் எப்படி இருந்தது என்பதை அது சொல்கிறது.

எண்ணாமல் வாங்காதீர்கள்

எழுத்தோடு சேர்ந்து அச்சாகாமல், தனித் தாளில் அச்சிட்டு இடையில் சேர்த்த படத்தைத்தான் பிளேட் என்பார்கள். உருவிவிட்டாலும் பக்க எண்ணில் இடைவெளி விழாது. ஆபத்தே அங்குதான்.

முதலில் படப் பட்டியல் பக்கத்தைத் தேடுங்கள், பெரும்பாலும் முன்பக்கங்களில் இருக்கும். சில புத்தகங்களில் முகப்புப் பக்கமே எண்ணிக்கை சொல்லிவிடும். பட்டியல் இல்லை என்றால் பெரிய நூலகங்களின் இணையப் பட்டியலில் அதே பதிப்பைத் தேடினால் எத்தனை பிளேட் என்று குறித்திருப்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகப் புரட்டி, நோட்டில் டிக் போடுங்கள். படத்தின் மேல் வைக்கும் மெல்லிய தாள் மட்டும் இருந்து படம் இல்லை என்றாலோ, எதிர்ப் பக்கத்தில் ஒரு சதுரம் மட்டும் பழுப்பேறியிருந்தாலோ, அங்கே ஒரு படம் இருந்திருக்கிறது. தையல் பக்கத்தில் சவரக் கத்தியால் வெட்டிய குச்சி போன்ற மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தொடங்கிய புதிதில் 'முழுமையானது' என்ற ஒற்றைச் சொல்லை நம்பி, வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் தபாலில் வாங்கினேன். வந்ததும் மகிழ்ச்சியில் அலமாரியில் வைத்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்து எண்ணியபோது மூன்று பிளேட் இல்லை. திருப்பி அனுப்பும் கெடு என்றோ முடிந்திருந்தது. இப்போதெல்லாம் பணம் அனுப்பும் முன் இதைக் கேட்டு எழுத்தில் வாங்குகிறேன்: மொத்தம் எத்தனை பிளேட், எந்த எண்கள், எல்லாம் அசல் தாளா, ஓரம் வெட்டப்பட்டதா. நல்ல வியாபாரி கோபித்துக்கொள்ள மாட்டார். பட்டியலில் 'ஃபாக்ஸிங்' என்று இருந்தால் பழுப்புப் புள்ளிகள். அது தாங்கக்கூடிய குறை. 'எக்ஸ் லைப்ரரி' என்றால் நூலக முத்திரை படத்தின் மேலேயே விழுந்திருக்கலாம், புகைப்படம் கேளுங்கள். ஃபோலியோ மிகப் பெரிய அளவு, குவார்ட்டோ நடுத்தரம், ஆக்டேவோ கையடக்கம்.

நம் ஊரில் தேடுவது

1623 புத்தகம் பள்ளத்தூர்ப் பெட்டகத்திலிருந்து வரும் என்று கனவு காண வேண்டாம். நான் பார்த்தவரை இங்கே வருவது ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சென்னையிலிருந்து கொண்டுவந்தவை: பள்ளிப் பரிசுப் புத்தகங்கள், பைண்டு செய்த ஆங்கிலப் பட வார இதழ்கள், குதிரை வளர்ப்புக் கையேடுகள். கையேடுகளை அலட்சியம் செய்யாதீர்கள். இந்தியாவில் ராணுவத்தில் இருந்த ஹேய்ஸ் என்ற கேப்டன் 1893-ல் போட்ட 'பாயின்ட்ஸ் ஆஃப் தி ஹார்ஸ்' மாதிரியான புத்தகங்களுக்கு நம் நாட்டில் வாசகர் இருந்தார்கள்.

பழம்பொருள் கடைக்காரரிடம், 'குதிரைப் படம் இருக்கா' என்று கேட்டால் சட்டம் போட்டதைத்தான் காட்டுவார். 'படம் போட்ட பழைய இங்கிலீஷ் புத்தகம் வந்தால் பிரிக்காமல் எனக்குச் சொல்லுங்கள்' என்று சொல்லி வையுங்கள். எடைக்கு வாங்கும் கடைகளிலும் இதையே சொல்லுங்கள். புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். முதல் பதிப்பு என்றால் என்ன என்பதைக் கையால் உணர அது நல்ல இடம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரே மனிதர் சேர்த்ததுதான் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். துண்டுத் தாளைக்கூட எறியாதவர் அவர்.

வீடுகளில் வாங்கும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். இங்கே ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் உண்டு. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் எடுத்துத் தருவதை வாங்கக் கூடாது. உரிமை உள்ளவர்களின் சம்மதம் எழுத்தில் வேண்டும், ரசீதும் வேண்டும்.

பள்ளத்தூரில் ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் கெம்ப்-வெல்ச் வரைந்த பதிப்பை எடுத்து வந்தார். "எங்க ஐயா ரங்கூன்லேருந்து கொண்டாந்தது தம்பி. பிள்ளைக தொடப்படாதுன்னு மேல வச்சிருந்தாக" என்றார். பட்டாலையில் உட்கார்ந்து எண்ணினேன். ஒன்று குறைந்தது. "ஒரு படம் இல்லையே ஆச்சி" என்றதும் அவர் சிரித்துவிட்டு எழுந்துபோய் உள்ளறை அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். கதவின் உட்பக்கம் முருகன் படத்துக்குக் கீழே அந்தக் குதிரை, மைதாப் பசையில் ஒட்டியிருந்தது. ஏழு வயதில் அவரே கிழித்து ஒட்டியதாம். அடி வாங்கியதும் நினைவிருக்கிறதாம். உரித்தால் கிழியும். ஒட்டிய இடத்திலேயே இருக்கட்டும், புத்தகத்தையும் இதே அலமாரியில் வையுங்கள் என்றேன். அவரும் விற்கவில்லை. என் நோட்டில் அந்தப் பிரதி 'முழுமை' என்றுதான் பதிவாகியிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

தேக்கு அலமாரி நல்லது, கரையான் எளிதில் தொடாது. சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். பெரிய ஃபோலியோக்களை நிறுத்தாமல் படுக்கவைக்க வேண்டும்; நின்றால் தாளின் கனத்தில் தையல் விடும். தரையில் மட்டும் வேண்டாம், ஆத்தங்குடித் தளம் எவ்வளவு குளுமையாக இருந்தாலும். ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைக்கலாம், தாளில் படாமல். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறும். மழை விட்ட நாளில் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள். வெயிலில் காயப்போட்டால் கைவண்ணம் வெளுத்துவிடும்.

சரஸ்வதி பூசை மழைக்குச் சற்று முன்னால் வருவதால் வருடாந்தரச் சோதனைக்கு அதுவே நல்ல நாள். எல்லாவற்றையும் எடுத்துத் தூசி தட்டி, பூச்சி பார்த்து, பிளேட்டுகளை மறுபடி எண்ணுங்கள். சந்தனம், குங்குமத்தைப் புத்தகத்தில் வைக்காமல் அடியில் இருக்கும் பலகையில் வையுங்கள். குங்குமக் கறை தாளை விட்டுப் போகாது. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். தாள் பழுது பார்க்கத் தெரிந்தவர் கிடைக்கும்வரை ஒரு வெள்ளைத் தாள் உறையில் போட்டு வைத்தால் போதும்.

அரசுச் சட்டத்தைப் பற்றி ஒன்று. 1972 தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று அல்லது கலை மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியோ ஆவணமோ 75 ஆண்டு பழையதானால் தொல்பொருள். மற்றப் பொருள்களுக்கு 100 ஆண்டு. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவு இல்லாத வீடு இங்கே குறைவு. அங்கிருந்து யாராவது கேட்டார்கள் என்று பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள். இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டு, தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிய பிறகுதான் அனுப்ப வேண்டும்.

கடைசியாக நோட்டு. புத்தகத்தின் பெயர், பதிப்பு ஆண்டு, பிளேட் எண்ணிக்கை, எந்தப் பக்கத்தில் என்ன குறை, யாரிடம் எப்போது என்ன விலைக்கு வாங்கியது, இவை ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கம். அடுத்து அது யாரிடம் போக வேண்டும், பிரிக்காமல் முழுசாகவே போக வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். நோட்டை அலமாரிக்குள் பூட்டாமல், வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள்.